டோரா பேசாத ஸ்பானிஷ்

சுட்டி டிவி 2007 ஏப்ரலில் வந்தது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் டோரா என்று சொன்னால் முதுகுப்பை, மேப், புஜ்ஜி, குள்ளநரி எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். ஸ்பானிஷ் மட்டும் வராது. டோரா ஒரு இருமொழிக்காரி, ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு நடுநடுவே ஸ்பானிஷ் சொல்லித்தருகிறவள் என்று இப்போது வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளிடம் சொன்னால், "நிஜமாவா?" என்று கேட்கிறார்கள். 'டோராவின் பயணங்கள்' என்று அது நம்மிடம் வந்தபோது டோரா தமிழ் பேசினாள். ஸ்பானிஷ் இருந்த இடத்தில் ஆங்கிலச் சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

டப்பிங் செய்தவர்களைக் குறை சொல்ல வரவில்லை. பல நாடுகளில் டோராவுக்கு இதேதான் நடந்தது. ஆனால் பாட்டைக் கொண்டு குழந்தைக்கு மொழி கற்றுக்கொடுப்பது பற்றி நம்மூரில் உட்கார்ந்து யோசிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. என்ன மாறியது, என்ன தொலைந்தது என்று பார்க்கலாம்.

நிக்கலோடியனில் டோரா முதலில் வந்தது 2000 ஆகஸ்ட் மாதம். அந்த ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் சுமார் 2 கோடியே 80 லட்சம் பேர். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான், 1998 ஜூனில், கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெரும்பாலும் நிறுத்தியிருந்தார்கள். (அதை 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் திருப்பியது வேறு கதை.) ஸ்பானிஷ் அங்கே சமையலறையில் பேசும் மொழி, தோட்டவேலை செய்கிறவர் பேசும் மொழி, பள்ளி வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டிய மொழி. அந்த மொழியில் ஒரு ஏழு வயசுப் பெண் தொலைக்காட்சியில் எண்ணுகிறாள், பாடுகிறாள், கதவு திறக்கச் சொல்கிறாள். சொன்னால்தான் கதவு திறக்கிறது. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைக்கு இதில் கற்க வேண்டிய சொல் ஒன்றும் இல்லை. தன் பாட்டி பேசும் பேச்சுக்கு டிவியில் மரியாதை இருக்கிறது என்ற செய்தி இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆங்கிலக் குழந்தைக்கும் அதே செய்தி போகிறது.

தமிழில் இது தலைகீழாகப் போனது. இங்கே இரண்டாம் மொழியாக வந்தது கீழே இருக்கும் மொழி இல்லை, மேலே இருக்கும் மொழி. டோரா அமெரிக்காவில் செய்ததை ஆரணியில் செய்ய வேண்டுமென்றால் அவள் ஆங்கிலமா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்? சௌராஷ்ட்ரம் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அல்லது உருது, அல்லது நம்மூரில் பேசும் தெலுங்கு.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரணி என்றால் பட்டு, இல்லாவிட்டால் அரிசி என்றுதான் நினைப்பார்கள். இது பல மொழி ஊர். பட்டு நெய்கிற குடும்பங்களில் வீட்டுக்குள் சௌராஷ்ட்ரம் பேசுகிறவர்கள் உண்டு, தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு. கடைத்தெருவில் உருது கேட்கும். ஒரு காலத்தில் இங்கே ஜாகீர்தார்களாக இருந்தவர்கள் மராத்தி பேசியவர்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க சௌராஷ்ட்ரம் தாய்மொழி என்று பதிந்தவர்கள் சுமார் 2.5 லட்சம் பேர், பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள். தமிழ் உச்சரிப்புக்கு நாம் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற டி.எம்.சௌந்தரராஜனின் வீட்டு மொழி சௌராஷ்ட்ரம்தான். அந்த மொழியில் பாட்டு இல்லை என்றும் சொல்ல முடியாது. மதுரை நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) பாடி வைத்த பக்திப் பாடல்கள் இன்றும் பஜனையில் ஒலிக்கின்றன. ஆனால் மூன்று வயசுக் குழந்தை திரையில் பார்த்து ஆடுகிற மாதிரி, அதன் வீட்டு மொழியில் ஒரு பாட்டு? தேடிப் பாருங்கள், சிரமம் புரியும்.

இந்தக் குழந்தைகள் எல்லாம் தமிழை எப்படிக் கற்றார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். தெருவில் கற்றார்கள். நாலு வயசுக்குள் பம்பரத்துக்குச் சண்டை போடவும், கடையில் மிட்டாய்க்குப் பேரம் பேசவும், "நீ போங்கு ஆடற" என்று குற்றம் சாட்டவும் தமிழ் வந்துவிடுகிறது. யாரும் பாட்டுப் பாடிச் சொல்லித்தரவில்லை. தேவை இருந்தது, திருப்பிப் பதில் சொல்ல ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

அதே தெருவில் ஆங்கிலம் வேறு வழியில் வருகிறது. ரைம்ஸாக வருகிறது. ஒரு பாவு முடிந்து கூலி கைக்கு வந்ததும் முதலில் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்துவைக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். அந்தப் பணத்துக்குக் கிடைத்தது என்ன என்று அப்பா அம்மா தெரிந்துகொள்ள ஒரே வழி, ஆண்டு விழா மேடையில் பிள்ளை ஆங்கிலத்தில் பாடுவது. பாடிவிட்டால் ஆங்கிலம் வந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்கு யாராவது வந்தால், "பாப்பா, அங்கிளுக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு." பாப்பா கையைக் காலை ஆட்டிச் சொல்லும். எல்லோரும் கைதட்டுவோம். நெய்கிறவர்கள் ஏமாளிகள் இல்லை. சரிகையைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்கிறவர்கள். ஆனால் இந்தச் சரக்கைத் தொட்டுப் பார்க்க அவர்களுக்கு வழி இல்லை. என் கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் தெருவில் ஐந்து வயசுப் பெண் ஒருத்தி யூட்யூப் பார்த்து ஸ்பானிஷில் ஒன்றிலிருந்து பத்து வரை பாடுவாள். ஊனோ, தோஸ், த்ரேஸ் என்று அருமையான உச்சரிப்பு. ஒருநாள் மூன்று விரலைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அவள் முதலிலிருந்து பாட ஆரம்பித்தாள். மூன்றாவது சொல்லில் நிற்கவும் இல்லை, பத்து வரை பாடிவிட்டு, "சரியா மாமா?" என்றாள். அவளிடம் இருந்தது பத்துச் சொற்கள் இல்லை. பத்து அசை உள்ள ஒரே நீளச் சொல்.

இது அவள் குறை இல்லை, பாட்டின் இயல்பு. வாய்மொழி மரபுகளில் நினைவு எப்படி வேலை செய்கிறது என்று 1995இல் புத்தகம் எழுதிய டேவிட் ரூபின் இதை விரிவாகப் பேசுகிறார். பாட்டில் ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குச் சாவி. முதல் சாவி கிடைத்தால் கடைசி வரை திறந்துகொண்டே போகலாம், நடுவில் நுழையத்தான் கதவு இல்லை. நம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஏழாம் வாய்ப்பாட்டை ராகத்தோடு படித்தவர்களிடம் எட்டேழு எவ்வளவு என்று கேட்டால் உதடு மெல்ல முணுமுணுக்கும், ஓரேழிலிருந்து.

ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடம் இந்தச் சிக்கலை அறியாமல் இல்லை. எண்சுவடி பற்றி எழுதிய து.செந்தில் பாபு, திண்ணையில் நடந்ததை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குவது தவறு, அங்கே நினைவே கற்கும் முறையாக இருந்தது என்று வாதிடுகிறார். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று பிள்ளைகள் கூட்டமாக ஒப்பித்தார்கள். அதே எண்கள் வெளியே நெல் அளக்கும்போதும் காசு எண்ணும்போதும் காத்துக்கொண்டிருந்தன. ராகம் போட்டுப் படித்தது பயன்படுத்தும் இடத்தில் உடைந்து உடைந்து தனித்தனியானது. நாம் ராகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம்.

சரி, பாட்டு உதவுகிறதா இல்லையா? ஆராய்ச்சி இருக்கிறது, படித்தவரை சொல்கிறேன். 2014இல் லட்கே, ஃபெரேரா, ஓவரி என்ற மூவர் வெளியிட்ட சோதனை ஒன்று பாட்டு ஆதரவாளர்கள் அடிக்கடி காட்டுவது. 60 பேருக்கு ஹங்கேரிய மொழிச் சொற்றொடர்கள் 20, பதினைந்து நிமிஷம். ஒரு குழு பேசிக் கற்றது, இன்னொன்று தாளத்தோடு சொல்லிக் கற்றது, மூன்றாவது பாடிக் கற்றது. ஹங்கேரியனில் திருப்பிச் சொல்லும் சோதனைகளில் பாடியவர்கள் முன்னால் நின்றார்கள். 2008இல் ஷோனும் மற்றவர்களும் செய்ததில், அர்த்தமில்லாத அசைகளின் ஓட்டத்தைப் பாட்டாகக் கேட்டபோது, சொல் எங்கே முடிகிறது எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிப்பது எளிதானது. புது மொழியைக் காதால் கேட்கிறவனுக்கு முதல் தலைவலியே அதுதான், எல்லாம் ஒரே சேறாகக் கேட்கும். அதில் பாட்டு உதவுகிறது என்பது சும்மா இல்லை.

இரண்டு சோதனையிலும் உட்கார்ந்தவர்கள் பெரியவர்கள். அதோடு வாண்டா வாலஸ் 1994இலேயே ஒரு முக்கியமான விஷயம் காட்டியிருந்தார். மெட்டு நினைவுக்கு உதவுவது, அது திரும்பத் திரும்ப வந்து பழகும்போதுதான். ஒரே ஒரு சரணம் மட்டும் கேட்டவர்களுக்கு மெட்டு இடைஞ்சலாகவே இருந்தது. மெட்டைக் கற்பதா சொல்லைக் கற்பதா என்று மூளை திண்டாடுகிறது. வாரத்துக்கு ஒரு புது ரைம் என்று பாடத்திட்டம் போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். புளூஸ் க்ளூஸ் என்ற நிகழ்ச்சியை நிக்கலோடியன் ஆரம்பத்தில் ஒரே எபிசோடை ஐந்து நாள் தொடர்ந்து போட்டது. குழந்தைகள் சலிக்கவில்லை. ஐந்தாம் நாள் இன்னும் சத்தமாகப் பதில் சொன்னார்கள். எதையும் நூறு தடவை கேட்கிற வயசு அது, பெரியவர்களுக்குத்தான் பொறுமை இல்லை.

குழந்தைகளைப் பற்றிய சோதனைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது பட்ரீசியா குல் 2003இல் செய்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி. ஒரு குழுவோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், படித்துக் காட்டினார்கள், 12 அமர்வுகள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில். நேரில் கேட்ட குழந்தைகளுக்கு அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் திறமை வந்தது. திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் வரவில்லை. 2014இல் ரோஸ்பெரியும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகளை வைத்து இன்னும் ஒரு படி போனார்கள். வீடியோ அழைப்பில் ஆள் நேரடியாகப் பதில் சொன்னால் குழந்தை புதுச் சொல் கற்கிறது, பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. அப்படியென்றால் தடை கண்ணாடித் திரை இல்லை. குழந்தை சொன்னதற்கு எதிரில் இருப்பவர் பதில் சொல்கிறாரா என்பதே கேள்வி.

இங்கே டோராவுக்கு நியாயம் செய்ய வேண்டும். டோரா கேட்டுவிட்டு நிற்பாள். கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, குழந்தையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று விநாடி சும்மா நிற்பாள். பெரியவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த நிகழ்ச்சியில் இருக்கிற ஒரே பாடமுறை அதுதான். பதில் சொல்லாவிட்டாலும் அவள் மேலே போய்விடுவாள், அது ஏமாற்றுவேலைதான், என்றாலும் பதிலுக்கு இடம் விட்டிருக்கிறது. லின்பார்கர், வாக்கர் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் சின்ன வயதில் டோரா, புளூஸ் க்ளூஸ் பார்த்த குழந்தைகளிடம் சொல்வளம் கூடுதலாகவும், டெலிடப்பீஸ் பார்த்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. திரை எல்லாம் ஒன்றில்லை.

அடுத்து நம் சென்னைக்காரர்கள். சூச்சூ டிவி 2013இல் சென்னையில் தொடங்கியது. ஜானி ஜானி பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2018இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் இதழ் தங்கள் நாட்டுக் குழந்தைகளை யூட்யூப் வளர்ப்பதைப் பற்றி எழுதும்போது சென்னைக்குத்தான் ஆள் அனுப்பியது. இன்று அவர்களுக்கு ஸ்பானிஷ் சேனலும் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. அமெரிக்கா ஸ்பானிஷ் கற்றுத்தரும் டோராவை நமக்கு அனுப்பியது. நாம் ஸ்பானிஷை எடுத்துவிட்டு வைத்துக்கொண்டோம். சில வருஷம் கழித்துச் சென்னையில் உட்கார்ந்து ஸ்பானிஷ் குழந்தைப் பாட்டு செய்து அந்தப் பக்கம் அனுப்புகிறோம்.

சூச்சூவின் படங்கள் பளிச்சென்று இருக்கும், தாளம் நிற்காது, ஒரு பாட்டு முடிந்தால் மூச்சு விடாமல் அடுத்தது. என் குறை அதுதான். டோராவிடம் இருந்த அந்த இரண்டு விநாடி இங்கே இல்லை. குழந்தை வாயைத் திறப்பதற்குள் பதிலையும் திரையே பாடிவிடுகிறது. சும்மா உட்கார்ந்து பார்க்க நல்ல சரக்கு. சோறு ஊட்டவும் உதவும், மறுக்கவில்லை. மொழி கற்றுத்தரும் சாதனம் என்று பெற்றோர் அதை நம்பினால் அது வேறு விஷயம்.

இவ்வளவுக்கும் ஜானி ஜானி மொழிப்பாடத்துக்கு ரொம்ப நல்ல வடிவம். மேரியின் ஆட்டுக்குட்டி ஒரு கதைச்சுருக்கம், நட்சத்திரப் பாட்டு ஒரு வர்ணனை. இது உரையாடல். கேள்வி, பதில், மறுகேள்வி, பொய், கண்டுபிடிப்பு. அப்பாவாகப் பாதி வகுப்பு, ஜானியாகப் பாதி வகுப்பு என்று பிரிக்கலாம். சர்க்கரைக்குப் பதில் வெல்லம், மாங்காய், சாக்பீஸ் என்று மாற்றலாம். ஜானி உண்மையை ஒப்புக்கொண்டால் என்ன சொல்வான் என்று கேட்கலாம். ஒரு சொல்லை மாற்றிப் பாடிய அந்த நிமிஷம்தான் குழந்தை பாட்டிலிருந்து மொழிக்குள் கால் வைக்கிறது. நான் பார்த்த வகுப்புகளில் 40 பிள்ளைகளும் சேர்ந்து கேள்வியையும் பதிலையும் ஒரே மூச்சில் பாடுகிறார்கள். அப்பா யார், ஜானி யார் என்று யாருக்கும் தெரியாது.

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாடல், கதை, பொம்மலாட்டம் எல்லாம் கொண்டுவந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கு ஏற்றபடி வேலை கொடுத்தது. பாட்டு முடிந்ததும் அதே சொற்களை வைத்துச் செய்ய ஏதாவது இருக்கும் என்கிற வரை எனக்கு அது பிடித்திருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

நம் பழைய மடிப்பாட்டுகளைக் கவனித்தீர்களா? கையை வீசச் சொல்லும் பாட்டு, சாய்ந்து ஆடச் சொல்லும் பாட்டு, நிலாவைக் கூப்பிடும் பாட்டு. எல்லாமே ஏவல் வினை. எல்லாமே நேரே குழந்தையைப் பார்த்து, அல்லது குழந்தையோடு சேர்ந்து நிலாவைப் பார்த்துப் பேசுவது. சொல்லும் அசைவும் ஒன்றாக வருகிறது, வீசு என்றால் கை வீசுகிறது. பிள்ளைத்தமிழின் பருவங்களில் சப்பாணி கைதட்டுவது, வாரானை நடந்து வருவது, முத்தம், அம்புலி எல்லாம் இப்படி உடம்போடு சேர்ந்தவைதான். 1960களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் கட்டளையும் அசைவுமாக மொழி கற்றுத்தரும் முறையை உருவாக்கியபோது அது புதுமை. நம் பாட்டிகளுக்கு அது குழந்தையைச் சிரிக்க வைக்கும் வழி. "நாங்க அப்பவே" என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. மடியில் உட்கார்ந்து பாடிய பாட்டுக்கும் திரையில் ஓடும் பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டச் சொல்கிறேன். மடியில் குழந்தை கையை வீசாவிட்டால் பாட்டி பாட்டை நிறுத்திவிட்டு வீசிக் காட்டுவாள்.

இனி ஸ்பானிஷ். டோரா ஸ்பானிஷை விட்டுவிட்டு வந்ததில் எனக்கு இருக்கிற தனிப்பட்ட வருத்தம் இது. தமிழ் வாய்க்கு ஆங்கிலத்தைவிட ஸ்பானிஷ் எவ்வளவோ நெருக்கம்.

ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை நீளும், மற்ற அசைகள் நசுங்கும், அவற்றின் உயிர் மங்கிப்போகும். ஸ்பானிஷில் ஒவ்வொரு அசையும் ஏறக்குறைய தன் அளவில் நிற்கும், உயிர் மங்காது. அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர். நம்மிடம் அவை குறில் நெடிலாகப் பத்து இருக்கின்றன. ஆங்கிலத்தில் சொல் தொடக்கத்தில் ப, ட, க சொல்லும்போது காற்று ஊதும், ஸ்பானிஷில் நம்மைப் போலவே ஊதாது. இன்னும் ஒன்று. 'ஒன்றுமில்லை' என்பதற்கு ஸ்பானிஷ்காரர் சொல்லும் 'நாதா'வில் வரும் தகரம், நம் 'அது'வில் இரண்டு உயிருக்கு நடுவே மென்மையாகிற அதே தகரம். 'எங்கே' என்பதற்கான 'தோந்தே'யில் மூக்கொலிக்குப் பின்னால் வருவது நம் 'பந்து'வில் வருகிற தகரம். இடத்தைப் பொறுத்து ஒரே எழுத்து வன்மையும் மென்மையும் ஆவது நமக்கு மூச்சு விடுகிற மாதிரி. 'குழந்தை' என்ற 'நீஞோ'வில் நம் ஞகரம் அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் படித்தவர்கள் கிண்டல் செய்யும் நம் 'இஸ்கூலு' இருக்கிறதே, ஸ்பானிஷ்காரரும் அந்த மெய்க்கூட்டத்தை மொட்டையாகச் சொல்ல முடியாமல் முன்னால் ஓர் உயிர் போட்டு 'எஸ்குவேலா' என்கிறார். அங்கே அது இலக்கணம், இங்கே கேலி.

சொற்றொடர் அமைப்பிலும் இதைப் பார்க்கலாம். 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பதில் பிடிக்கிற வேலையைச் செய்வது மாம்பழம், எனக்கு நான்காம் வேற்றுமை. ஸ்பானிஷில் 'மே குஸ்தா' என்பதும் அப்படித்தான், பிடிக்கிற பொருள் எழுவாய், 'எனக்கு' முன்னால் வரும். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்கிறவர்கள் மாதக்கணக்கில் திணறுகிற இடம் இது. தமிழ்க் குழந்தைக்கு ஒரு வாக்கியத்தில் புரிய வைக்கலாம். ஆனால் இங்கே ஸ்பானிஷ் வருவதே ஆங்கிலத்தின் தோளில் ஏறித்தான் வருகிறது. தமிழிலிருந்து நேரே போகிற பாதை இருக்கும்போது லண்டன் சுற்றிப் போகிறோம்.

மெட்டு விஷயத்தில் எனக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் உண்டு, அது பாட்டு எழுதுகிறவர்களுக்கு. பாட்டில் அசை நீளும். ஸ்பானிஷில் உயிர் நீண்டால் பொருள் மாறாது, ஆனால் அழுத்தம் இடம் மாறினால் மாறும். 'பாபா' என்று முன்னால் அழுத்தினால் உருளைக்கிழங்கு, பின்னால் அழுத்தினால் அப்பா. ஆகவே தாளத்தின் அடி எந்த அசையில் விழுகிறது என்பது முக்கியம். ஆங்கில மெட்டுகள் பலவும் வரி முடிவில் பலமான அடியோடு நிற்பவை. ஸ்பானிஷ் சொற்களோ பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தம் உள்ளவை. நட்சத்திரப் பாட்டை ஸ்பானிஷாக்கியவர்கள் இதை அழகாகச் சமாளித்தார்கள். நட்சத்திரத்திடம், எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். 'இருக்கிறாய்' என்பதற்கான 'எஸ்தாஸ்' கடைசி அசையில் அழுத்தம் பெறும் சொல். மெட்டு சொல்லைக் கெடுக்கவில்லை.

தமிழில் ஆபத்து வேறு பக்கம். நமக்கு அழுத்தம் பொருளை மாற்றாது, நீளம் மாற்றும். கல் நீண்டால் கால், படு நீண்டால் பாடு. ஆங்கில ரைம் மெட்டில் அவசரமாகத் தமிழ்ச் சொற்களைத் திணித்து விற்கிற வீடியோக்களில் குறில்கள் எல்லாம் நெடிலாக இழுபடுவதைக் கேட்டால் பல் கூசுகிறது. எழுத்தே அறியாத குழந்தைக்குக் குறில் நெடில் வித்தியாசத்தைக் காதில் ஏற்ற வேண்டியது பாட்டுதான். அந்தப் பாட்டே அதை அழிக்கிறது. அழ.வள்ளியப்பாவின் பாட்டுகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மெட்டே இல்லாமல் சொல்லின் குறில் நெடிலே தாளம் போடும். 1944இல் 'மலரும் உள்ளம்' வந்ததிலிருந்து அது அச்சில் கண்முன்னே இருக்கிறது. இன்று குழந்தைப் பாட்டு வீடியோ செய்கிறவர்கள் முதலில் அதைப் பாடம் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

வெளிநாட்டு மெட்டில் உள்ளூர்ச் சொல்லை வைப்பதே கூடாது என்று சொல்ல மாட்டேன். முத்துஸ்வாமி தீட்சிதர் சென்னைக் கோட்டைப் பக்கம் கேட்ட பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டும் அதில் உண்டு. அந்த நோட்டுஸ்வரங்களைத்தான் இன்று பாட்டு வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். அவர் குறில் நெடிலை எங்கே வைத்தார், மெட்டின் அடியோடு அவை எப்படிப் பொருந்துகின்றன என்று வரி வரியாகப் பார்க்க ஆசை. 1893இல் சின்னசாமி முதலியார் மேற்கத்திய இசைக்குறிப்பில் அச்சிட்டவற்றை வைத்துக்கொண்டு அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.